வெள்ளிக்கிழமை விளக்கு

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி விளக்கக் கழட்டுறீங்களே, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?”

செல்வராணி போட்ட சத்தத்தில் ஐயாசாமி ஏறி நின்ற பிளாஸ்டிக் நாற்காலி ஓர் ஆட்டம் ஆடியது. ஒரு கையால் விளக்கையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு எப்படியோ விழாமல் தப்பினார்.

“கத்தாதே ராணி. மூணு மணிக்கு வந்துருவாங்க. உள்ள வந்ததும் அவரு கண்ணு இதுலதான் விழும்.”

“விழட்டுமே. நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கறதுதான் பிரச்சினையே!”

நல்லாத்தான் இருந்தது. பித்தளையில் வார்த்த ஆறு முனை நட்சத்திரம், மூன்று சங்கிலியில் தொங்கும். முனைக்கு ஒரு கண்ணாடிக் குவளை, நடுவில் ஒன்று. குவளையில் பாதி தண்ணீர், அதன் மேல் தேங்காயெண்ணெய், அதில் மிதக்கும் திரி. ஐயாசாமியின் அம்மா ராசம்மா உயிரோடு இருந்தவரை ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிடுவார். சுடரை இரண்டு கையாலும் மூன்று தடவை தன் பக்கம் வாரிக்கொண்டு கண்களைப் பொத்திக்கொள்வார். ஒரு பாட்டையும் முணுமுணுப்பார். அதில் ஒரு சொல்கூட யாருக்கும் விளங்காது; பழைய தமிழாக இருக்கும் என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆறு முனை என்றால் ஆறுமுகம், நடுவில் எரிவது வேல். ஜொகூர் செனாயில் அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்த யாருக்கும் இதில் சந்தேகம் வந்ததே இல்லை.

சந்தேகம் போன வாரம்தான் வந்தது, அதுவும் தொலைபேசியில்.

எல்லாம் மகள் பிரவீனா ஆரம்பித்து வைத்தது. சிங்கப்பூரில் வேலை செய்கிற பெண், வேலையைப் பார்த்தோமா வந்தோமா என்று இருக்கக் கூடாதா? பெக்கான் நானாஸ் ஊர்ப் பழைய ஆட்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் ‘எங்கள் வீட்டு சனிக்கிழமைக் கோழி’ என்று ஒரு படத்தைப் போட்டுவிட்டாள். முழுக் கோழிக்குள் அரிசியும் மசாலாவும் திணித்து, அதைச் சுற்றி இன்னும் அரிசியைக் கொட்டி, வெள்ளிக்கிழமை அடுப்பில் ஏற்றி, ராத்திரி முழுக்க இளந்தீயில் விட்டு, சனிக்கிழமை மதியம் திறப்பது. சனிக்கிழமை அடுப்பு பற்றவைத்தால் சனி பிடிக்கும் என்று ராசம்மா போட்ட சட்டம். அடியில் தீய்ந்து ஒட்டிய சோற்றுக்கு ஐயாசாமியும் மகளும் இன்றைக்கும் சண்டை போடுவார்கள்.

படத்தைப் பார்த்து ஆஸ்திரேலியாவிலிருந்து நவோமி என்றொரு பெண்மணி எழுதினாள்: இது எங்கள் பாட்டி வீட்டுச் சமையலாயிற்றே, உங்களுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அவளுடைய அப்பாவே கூப்பிட்டுவிட்டார்.

“டேய் ஐயாசாமி! மூக்கொழுவி! நான் எஸ்ராடா கண்ணு!”

ஐயாசாமிக்கு வயது அறுபத்தைந்து. தொழிற்சாலை ஸ்டோரில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மூக்கொழுவி என்று கூப்பிடும் உரிமை உள்ளவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்திருந்தார்.

எஸ்ராவை நினைவிருந்தது. பெக்கான் நானாஸில் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் முதலாளி வீட்டுப் பையன். யூதர்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் சாயங்காலம்வரை அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பாக்தாத்திலிருந்து சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து ஜொகூருக்கு வந்த குடும்பம். அந்தப் பங்களாவில் சமையல் ராசம்மாதான். எஸ்ரா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தைவிட அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குசினியில் இருந்த நேரம்தான் அதிகம். தொழிற்சாலையை விற்றுவிட்டு அவர்கள் பெர்த்துக்குப் போனபோது ஐயாசாமிக்கு எட்டு வயது.

அம்மா பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே காலமானதைச் சொன்னதும் எஸ்ரா தொலைபேசியிலேயே விம்மி விம்மி அழுதார். ஜொகூருக்கு வருகிறேன், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றார். வாங்க வாங்க என்றார் இவர். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வைக்கப்போகும் நேரத்தில் அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டார்.

“ஒங்க வீட்ல வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துறீங்களாடா? எந்த விளக்கு?”

ஐயாசாமிக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

பங்களாக்காரர்கள் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம். பஸ்ஸில் அம்மா பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அம்மா மடியில் கனமாக ஏதோ, பழைய சேலையில் சுற்றி. “அப்பாகிட்ட மூச்சு விட்டே, நாக்க அறுத்துருவேன்” என்றார் அம்மா. எண்ணி ஒரு மாதத்தில் லயத்து வரிசை வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் அந்த விளக்கு தொங்கியது. யாரோ கோயில் பெரியவர் கொடுத்தது என்று அப்பா லெட்சுமணனிடம் சொல்லியாயிற்று. அப்பா அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு வேறு கவலை. அதே சமயத்தில்தான் வீட்டில் ஒரு திருட்டு. அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கு, உச்சியில் மூக்கு உடைந்த அன்னம் வைத்தது, மாயமாக மறைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் எடுத்தார் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அந்த மனிதர் சாகும்வரை அப்பா அவர் வீட்டில் ஒரு வாய்க் காப்பி குடிக்கவில்லை.

“நம்ம வீட்டு விளக்க எவனோ தூக்கிட்டுப் போனான்னு அம்மா எப்படி அழுதாங்க தெரியுமா,” என்று ஐயாசாமி மனைவியிடம் சொன்னார். “அந்த அம்மா போயி இன்னொரு வீட்டு விளக்க…”

எஸ்ரா வந்து, நிமிர்ந்து பார்த்து, இது எங்கள் அம்மாவுடையது அல்லவா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? அம்மா திருடி என்று ஆகிவிடும். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?

பக்கத்து வீட்டு சிவசம்புவிடம் யோசனை கேட்டதுதான் அவர் செய்த முதல் தப்பு. சிவசம்பு சுங்க இலாகாவில் இருந்தவர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். எதையும் குற்றப் பிரிவு எண்ணோடு பேசுவார்.

“இருக்கெண்டு சொன்னீரோ, களவுச் சாமான் வச்சிருந்த குற்றம். இல்லையெண்டு சொன்னீரோ, வித்துத் திண்ட குற்றம். எப்பிடிப் பாத்தாலும் நீர் உள்ளுக்குத்தான்.”

“அலமாக்! அப்ப என்னதான் பண்றது?”

“சாமானை இடம் மாத்தும். என்ர வீட்டுக்குக் கொண்டுவாரும். ஒளிச்சு வச்ச சாமானைக் கண்டுபிடிச்சே கிழவனானவன் நான். கண்டுபிடிக்கேலாத இடம் எனக்குத் தெரியாதே?”

அப்படித்தான் ஐயாசாமி நாற்காலி மேல் ஏறியது. விளக்கைக் கைலியில் சுற்றி வேலிப் பக்கமாக நீட்டினார். சிவசம்பு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கி, தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவர் மனைவி கனகம்மா அப்போது கோயிலில் இருந்தார். அது நல்லதற்கு என்று இருவரும் நினைத்தார்கள்.

திரும்பி வந்தால் செல்வராணி சாமி அறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“கொக்கி மட்டும் தொங்குது. மூளியா இருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாமிக்கு முன்னால இப்படி இருந்துச்சின்னா நான் சாஆ ஊர்ல இருக்கிற எங்க தம்பி வீட்டுக்குப் போயிருவேன். வர்றவங்களுக்கு நீங்களே காப்பி கலக்கிக் குடுங்க.”

ஐயாசாமி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூஜைச் சாமான் கடைக்குப் பறந்தார். தொங்கவிடும் விளக்கு வேண்டும் என்றார். இருந்தது ஒன்றே ஒன்று. பிளாஸ்டிக் தாமரை, இதழுக்கு இதழ் சிவப்பும் பச்சையுமாக மின்னும், செருகியதும் மந்திரம் பாடும். வீட்டில் மாட்டிய பிறகுதான் அதில் ஒரே ஒரு பொத்தான் இருப்பது தெரிந்தது. அதை அமுக்கினால் பாட்டு மாறியது. நிற்கவில்லை.

“இது என்னங்க, பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில விக்கிற மாதிரி?”

“இருக்கட்டும். அம்மாவோட விளக்கு இதான்னு சொல்லிக்குவோம்.”

“உங்க அம்மா இத பாத்திருந்தா உங்க தலையிலேயே போட்டு ஒடைச்சிருப்பாங்க.”

அப்போதுதான் ஐயாசாமியின் மூக்கில் ஏறியது அந்த வாசனை. ஏலம், பட்டை, மெல்ல வேகும் கோழி.

“ராணி… நீ சனிக்கிழமைக் கோழியா ஏத்தியிருக்கே?”

“காலையிலேயே மின்சாரச் சட்டியில வச்சிட்டேன். அதத்தானே பாத்துட்டு வர்றாரு பாவம். ஒரு நாள் முன்னால சாப்பிடட்டுமே.”

“ஐயோ, அதுவும் அவங்க வீட்டு சாமான்தான்!”

“கோழி நான் வாங்கினது.”

“செய்முறை?”

“செய்முறைய எப்படிங்க திருட முடியும்? அந்த வீட்ல சமைச்சது யாரு? உங்க அம்மா. அப்ப அது யாரு சாப்பாடு?”

கேள்வி நியாயமானதுதான். பதில் யோசிக்க நேரமில்லை. சட்டியைக் கம்பியோடு தூக்கிப் பிரவீனாவின் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைச் செருகினார். கடையிலிருந்து பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் வாங்கிவந்து மேசையில் பரப்பினார். அரை நாள் விடுப்பு போட்டு வந்து சேர்ந்த பிரவீனா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அப்பா, பச்சடிய எடுத்துருங்க. அவங்க எறச்சியும் பாலும் தயிரும் சேத்து சாப்பிட மாட்டாங்க.”

“நம்ம வீட்லயுந்தான் சேக்கறதில்ல,” என்றாள் செல்வராணி. “தோல் வியாதி வரும்னு அத்தை சொல்வாங்க.”

சொன்னவளே வாயை மூடிக்கொண்டாள். ஐயாசாமி வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். இங்கே எதுதான் நம்முடையது என்று அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து நரைத்த தாடியோடு இறங்கினார் எஸ்ரா. கூடவே மகள் நவோமி. வாடகைக் கார் ஓட்டிவந்தது குளுவாங்கைச் சேர்ந்த தங்கராஜு; காலையில் இவர்களைப் பெக்கான் நானாஸ் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டி வந்திருந்தான். எஸ்ரா இறங்கியதும் காரின் பின்பெட்டியை ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகுதான் கையை விரித்துக்கொண்டு வந்தார்.

“வாடா என் ராசா! என்னடா இப்படி எளைச்சிட்டே? சாப்பிடறதே இல்லியா நீ?”

எண்பத்தைந்து கிலோ ஐயாசாமி தன் தொப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எஸ்ராவுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க ராசம்மா குசினியில் கற்றது. சமையற்காரம்மா சின்னப் பிள்ளையிடம் பேசுகிற தமிழைத் தவிர அவருக்கு வேறு தமிழ் கிடையாது. சிவசம்பு சாட்சிக்கு வந்தவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து எஸ்ரா, “கால ஆட்டாதே கண்ணு, பூச்சாண்டி புடிச்சிக்குவான்” என்றார் அன்பாக. சிவசம்பு சட்டென்று காலை நிறுத்திக்கொண்டார்.

“டிரைவர் தம்பியையும் சாப்பிடக் கூப்பிடுங்க,” என்றாள் செல்வராணி.

எஸ்ரா முகம் மாறியது. “வேணா வேணா. அவன் காருகிட்டயே இருக்கட்டும். காரப் பாத்துக்கட்டும்.”

சிவசம்பு ஐயாசாமியின் காதில் கிசுகிசுத்தார். “கவனிச்சீரோ? அவன் டிரைவர் இல்லை ஐசே. உளவாளி.”

ஐயாசாமிக்குப் பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. எஸ்ராவுக்கும் இறங்கவில்லை போலிருந்தது. தட்டைக் கிளறிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சனிக்கிழமைக் கோழி இல்லியாடா?”

“சனிக்கிழமைக் கோழியா? அப்படின்னா? எங்க வீட்ல அப்படி ஒன்னு செய்யறதே இல்லீங்களே.”

பிரவீனா கரண்டியைக் கீழே போட்டாள். அந்தக் கோழியின் படத்தைப் பார்த்துத்தானே இவர்கள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள்! நவோமி தன் கைப்பேசியை எடுத்து, படத்தைப் பார்த்து, ஐயாசாமியைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் கோழிக்குப் பின்னால் சட்டை இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றவர் ஐயாசாமிதான்.

“அது… விட்டுட்டோம். போன வாரத்தோட விட்டுட்டோம்.”

வாசனைக்கு இதெல்லாம் தெரியுமா? துண்டைத் தாண்டி, கதவைத் தாண்டி அது மெதுவாக வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது. எஸ்ரா கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணோரம் மட்டும் ஈரமாகியது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஐயாசாமிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு பிடி சோறு போட்டால் என்ன குறைந்துவிடும்? எழுந்து போய்ச் சட்டியைத் தூக்கிவந்து வைத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் கோழியை ஒத்துக்கொண்டால் அடுத்தது விளக்கு. உட்கார்ந்தே இருந்தார்.

செல்வராணி அவரைக் கேட்கவே இல்லை. விறுவிறுவென்று போய்ச் சட்டியைத் தூக்கி வந்து மேசை நடுவில் வைத்தாள்.

“போன வாரத்துல மீந்தது,” என்றாள், ஆவி பறக்கும் சட்டியைத் திறந்துகொண்டே.

எஸ்ரா கையால் தோண்டினார், அடியில் ஒட்டியதைச் சுரண்டினார். அப்பாவுக்கும் மகளுக்கும் அந்தத் தீய்ந்த சோற்றுக்குச் சண்டையே வந்துவிட்டது. ஐயாசாமியும் பிரவீனாவும் வழக்கமாகப் போடும் அதே சண்டை, அதே ஓரத்துக்கு. செல்வராணி சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஐயாசாமிக்கு அம்மா குசினியில் நிற்பது போலவே இருந்தது.

வயிறு நிறைந்ததும் எஸ்ரா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சின்னதுல அம்மா என்னைத் தூங்க வைக்கப் பாடுவாங்கடா. பாக்தாத்துப் பாட்டு. நூறு வருசத்துப் பாட்டு. நவோமிக்கும் நான் இதத்தான் பாடினேன்.” கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்.

“ஆராரோ… ஆரிரரோ… ஆராரோ… ஆரிரரோ…”

நவோமியும் பயபக்தியோடு கூடச் சேர்ந்துகொண்டாள்.

சிவசம்பு முன்னால் சாய்ந்தார். “ஐயா, ஒரு விசயம். இது வந்து—”

ஐயாசாமி மேசைக்கு அடியில் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். எது யாருடையது என்று பிரிக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். “அருமையான பாட்டுங்க,” என்றார். “பாக்தாத்துன்னா பாக்தாத்துதான்.”

அந்த நேரம் பார்த்துச் சாமி அறையிலிருந்து தாமரை தன் மந்திரத்தை முடித்துவிட்டு மணி அடித்தது. எஸ்ரா எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.

“இதாடா ராசம்மா விளக்கு?”

“ஆமாங்க,” என்றார் ஐயாசாமி. “அம்மா காலத்துலேர்ந்து இதான். ரொம்பப் பழசு.”

செருகியிலிருந்து தொங்கிய உத்தரவாத அட்டையை நவோமி மெல்லத் திருப்பிப் படித்தாள்.

எஸ்ராவின் முகம் சுண்டிப்போயிற்று. தாமரையைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், வாசல் பக்கம் கார் நின்ற திசையைப் பார்த்தார். குற்றம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். தான் அல்லவா அப்படிக் குனிய வேண்டும், இவர் ஏன் குனிகிறார் என்று ஐயாசாமிக்கு விளங்கவில்லை.

“வேற விளக்கே இல்லியா கண்ணு? உண்மையாவா?”

“இல்லீங்க.”

“நான் எங்க கோயிலுக்கு எப்பவாவதுதான் போவேன்டா,” என்றார் எஸ்ரா, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. “ஆனா வெள்ளிக்கிழமை விளக்கு விட மாட்டோம். பொண்ணு, பேரப் பிள்ளைங்க எல்லாரும் அதுக்காகத்தான் வீட்டுக்கு வருவாங்க. அது ஒன்னுதான் எங்கள யூதங்களா வச்சிருக்கு. அது இல்லேன்னா நாங்க என்ன ஆவோம்? சொல்லு.”

வெள்ளிக்கிழமைக்கு விளக்கு இல்லாத வீட்டுக்காரர் கலங்குகிறார், அவருடைய விளக்கு பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கைலியில் கிடக்கிறது! இதற்குமேல் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பொய் சொல்ல முடியும்? வாயைத் திறந்தார். ஆனால் எஸ்ரா அதற்குள் புறப்பட்டுவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஜொகூர் பாரு ஓட்டலுக்குப் போய்விட வேண்டுமாம். யார் முகத்தையும் பார்க்காமல் அவசர அவசரமாகச் செருப்பை மாட்டினார்.

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

பக்கத்து வீட்டு முன்கூடத்தில், தெருவுக்கே தெரிகிற மாதிரி, ஆறு முனையும் நடுவும் சுடர்விட அந்த விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஈரத் தலையோடு கனகம்மா கைகூப்பி நின்றார்.

“கட்டிலுக்குக் கீழ கூட்டேக்க அம்பிட்டது,” என்றார் பூரிப்போடு. “முருகன் விளக்கு! இந்த மனுசன் என்ர பிறந்தநாளுக்கு வாங்கி ஒளிச்சு வச்சிருக்கிறார் பாருங்கோ. முப்பத்தெட்டு வருசத்தில இதுதான் முதல் தடவை.”

சிவசம்பு, ஒளித்த சாமான்களைக் கண்டுபிடித்தே கிழவனானவர், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எஸ்ரா மெல்ல வேலியருகே நடந்தார். “அம்மா,” என்றார். எந்த அம்மாவைச் சொன்னாரோ. இரண்டு கையாலும் சுடரை மூன்று தடவை தன் பக்கம் வாரிக்கொண்டு கண்ணைப் பொத்திக்கொண்டார். அதே நேரம் பக்கத்தில் செல்வராணியும் மாமியார் சொல்லிக்கொடுத்தபடி மூன்று தடவை வாரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது எஸ்ராவின் முகம் மலர்ந்திருந்தது. “அப்பாடா! இருக்கு! ஒங்ககிட்ட இருக்குடா!” என்று சிரித்தார், கண்ணீர் தாடியில் இறங்க இறங்க.

அந்தச் சிரிப்பு ஐயாசாமிக்கு விளங்கவில்லை. அழுகை மட்டும் விளங்கியது. அவர் உடைந்துபோனார்.

“மன்னிச்சிருங்க! எங்க அம்மா கெட்டவங்க இல்லீங்க. எடுத்திருந்தாலும் ஆசையாலதான் எடுத்திருப்பாங்க. ஒரு வெள்ளிக்கிழமை அத ஏத்தாம இருந்ததில்ல. பொய் சொன்னது நான், அவங்க இல்ல. இது உங்க வீட்டு விளக்கு. எடுத்துட்டுப் போங்க!”

எஸ்ராவின் சிரிப்பு பட்டென்று நின்றது. “வேணா! எனக்கு வேணா! அது ஒங்கிட்டயே இருக்கட்டும்!”

“அதெப்படிங்க? விளக்கில்லாம உங்க வீடு—”

“வேணாங்கறேன்ல!”

ஐயாசாமி கேட்பாரா? ஐம்பத்தேழு வருடத்துப் பாரம் இன்றைக்கு இறங்கியாக வேண்டும். வேலியைத் தாண்டிக் குதித்தார். “ஐயோ, என்ர விளக்கு!” என்று கனகம்மா கத்தக் கத்த, சுடரை ஊதாமல் கையால் அமர்த்தி, சங்கிலியோடு கழற்றி, எண்ணெய் சட்டையில் சிந்த, காரை நோக்கி நடந்தார். எஸ்ரா அவருக்கு முன்னால் ஓடினார். காரின் பின்பெட்டி மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நவோமி முகத்தை மூடிக்கொண்டாள்.

“வேணான்டா கண்ணு! பூட்டத் தொறக்காதே! சொன்னா கேளுடா!”

“தங்கராஜு தம்பி, பூட்டத் தொறங்க! இத உள்ள வச்சாத்தான் எங்க அம்மா நிம்மதியா இருப்பாங்க!”

அதுவரை சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த தங்கராஜு, இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“எப்படிண்ணே தொறக்க விடுவாரு? உங்க அம்மாவும் இவரு அம்மாவும் ஊரு போறதுக்கு மொத நாளு விளக்க மாத்திக்கிட்டாங்களாம். மூக்கு ஒடைஞ்ச அன்னம் வச்ச உங்க வீட்டுக் குத்துவிளக்கு உள்ள இருக்கு, திருப்பிக் குடுக்கத்தான் பெர்த்லேர்ந்து தூக்கிட்டு வந்தாரு, இப்ப மனசு வரலையாம், ‘அதக் குடுத்துட்டா எங்க வீட்ல வெள்ளிக்கிழமை எதடா ஏத்துறது’ன்னு காலையிலேர்ந்து என்னையப் போட்டுக் கொல்றாருண்ணே!”